ஓட்டை விழாத தட்டு

தட்டில் ஓட்டையே இல்லை.

டாக்டர் உலகம்மாள் அதைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். உள்ளங்கை அகலத் தட்டு முழுக்க பாக்டீரியா பாலாடை கட்டியதுபோல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஊசி நுழையும் துளைகூடக் கிடையாது.

"மருந்து ஊத்த மறந்துட்டியளா மேடம்?" என்றான் எபனேசர். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுத்த நாற்காலிக்காரன். வாய் கொஞ்சம் நீளம், கை படுசுத்தம்.

"எலே, நீதான பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்த."

"அப்பம் மருந்து கெட்டுப்போயிருக்கும்."

"இதே பாட்டில்ல இருந்துதான் அந்தத் தட்டுலயும் ஊத்துனேன். அங்க பாரு."

பக்கத்துத் தட்டு சல்லடையாகக் கிடந்தது. அவ்வளவு ஓட்டை. அங்கே பாக்டீரியா இருந்ததற்கு அடையாளமே ஓட்டைகளுக்கு நடுவே மிச்சமிருந்த வெள்ளைக் கோடுகள்தான். எபனேசர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வாயில் வந்த அடுத்த வேடிக்கையை அவன் விழுங்கியதை உலகம்மாள் கவனித்தாள். அவனை அறிந்த நாளாய் அப்படி நடந்ததில்லை.

ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் எல்லாம் சுண்ணாம்புத் தூளுக்குச் சமமாகிப்போன காலம் அது. முள் குத்திச் செத்தார்கள், பல் பிடுங்கிச் செத்தார்கள். கடைசியில் அரசாங்கம், பாக்டீரியாவைத் தின்று வாழும் வைரஸ்களைத் தேடிப் போனது. அதற்கு 'விழுங்கி' என்று பெயர் வைக்க ஒரு குழு, அந்தப் பெயர் சரிதானா என்று பார்க்க இன்னொரு குழு, இரண்டு குழுவுக்கும் மதியச் சாப்பாடு என்று வேலை நடந்து, பாளையங்கோட்டையில் ஒரு மருந்து நிலையம் எழும்பியது. அங்கிருந்து மாநிலம் முழுக்கப் போகிற மருந்துக்கு 'அமுதம்-11' என்று பெயர். ஒரு மில்லி மருந்தில், ஒன்றுக்குப் பின்னால் பதினொரு சைபர் போடுகிற அளவு விழுங்கிகள் இருக்கின்றன என்று பொருள். நிலையத்தின் வாசல் வளைவில் அந்தச் சைபர்கள் அத்தனையையும் சிமெண்டில் வார்த்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பல்பு போட்டிருந்தார் இயக்குநர் டாக்டர் ஞானபூஷணம். அதில் இரண்டு பல்பு எரிவதில்லை. அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

சல்லடையான தட்டில் இருந்தது நிலையத்தின் அங்கீகாரம் பெற்ற பாக்டீரியா. காகிதத்தில் அதன் பெயர் 'தர உயிரி ஒன்று'. ஊழியர்கள் கூப்பிடுவது 'செல்லம்'. குளிர்பெட்டியில் தூங்கி, வேளாவேளைக்கு சூப் குடித்து, வருஷக்கணக்காக எந்த மனிதனின் ரத்தத்தையும் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை. மருந்தின் பலத்தை அளப்பதெல்லாம் செல்லத்தின் மேல்தான்.

ஓட்டை விழாத தட்டில் இருந்தது உலகம்மாளின் அத்தான் இசக்கியப்பனுடைய காலிலிருந்து எடுத்தது.

அக்காவின் கணவரான இசக்கியப்பன் சமாதானபுரத்தில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர். கடை ஷட்டரை இழுக்கும்போது தகடு கிழித்த காயம் முழங்கால்வரை வீங்கி, இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தார். மூன்று பாட்டில் அமுதம்-11 உள்ளே போயிருந்தது. மூன்றிலும் தரச் சான்று கையெழுத்து உலகம்மாளுடையது. "என் கையால பாத்து அனுப்புன மருந்து அக்கா, நீ நிம்மதியா இரு" என்று அக்கா பேச்சியிடம் அவள் சொல்லியிருந்தாள். பேச்சியும் நிம்மதியாக இருந்தாள். காய்ச்சல்தான் இறங்கவில்லை.

"மத்த ஆஸ்பத்திரிக் கிருமியெல்லாம் நம்மகிட்ட இருக்குல்லா?" என்றாள் உலகம்மாள்.

"ஆராய்ச்சிக்குன்னு வாங்கிப் போட்டது ஒரு பெட்டி கிடக்கு. யாரும் தொட்டதில்ல."

"எடு. எல்லாத்தையும் போட்டுப் பாத்துருவோம்."

மறுநாள் காலை அந்தத் தட்டுகளை மேசையில் பரப்பியபோது ஆய்வுக்கூடமே வெளுத்துக் கிடந்தது. தூத்துக்குடி வெள்ளை, நாகர்கோவில் வெள்ளை, தென்காசி வெள்ளை. எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் பயந்து பயந்து நாலு புள்ளி. எபனேசர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"மேடம், இத்தனை நாளா நாம என்னத்தை அனுப்பிக்கிட்டிருந்தோம்?"

---

டாக்டர் ஞானபூஷணம் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டார். 'இந்த நிலையம்' என்பார். "இந்த நிலையம் சர்க்கரை இல்லாம காபி சாப்பிடும்" என்பார். ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது, "இந்த நிலையத்துக்கு மூச்சு முட்டுது" என்று உள்ளிருந்து கூவியதாகவும், வெளியே நின்றவர்கள் கட்டடத்தில் புகை என்று நினைத்துத் தெருவுக்கு ஓடியதாகவும் ஒரு கதை உண்டு.

"சார், நம்ம மருந்து நோயாளிங்க கிருமியைக் கொல்லலை" என்றாள் உலகம்மாள்.

"எந்தக் கிருமி?"

"ஆஸ்பத்திரியில இருக்கிற கிருமி."

"அது அங்கீகாரம் பெற்ற கிருமியா?"

அவர் வேடிக்கை பேசவில்லை என்று புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"சார், செல்லத்து மேல அளந்தா பதினொரு சைபர் வருது. நோயாளி கிருமி மேல அளந்தா சைபர் மட்டுந்தான் வருது. முன்னால ஒண்ணைக் காணோம்."

"உங்க அளவு தப்பா இருக்கும்."

"அளவு சரி சார். அளந்த இடந்தான் தப்பு. ஒவ்வொரு தடவையும் செல்லத்து மேல எது அதிகம் ஓட்டை போடுதோ அதைத்தான் எடுத்து அடுத்த மருந்துக்கு விதையாக்குனோம். வருஷம் பூரா இதே வேலை. செல்லத்தைக் கொல்ல மட்டும் தெரிஞ்ச விழுங்கியாப் பொறுக்கிப் பொறுக்கி வளத்திருக்கோம். ஊர்ல உள்ள கிருமி அதுக்கு யாருன்னே தெரியாது. நம்பர் ஏற ஏற மருந்து செத்துக்கிட்டே வந்திருக்கு."

ஞானபூஷணம் நாற்காலியில் சாய்ந்தார். அவர் பதவி உயர்வு வாங்கியது ஒன்பது சைபரைப் பத்தாக்கியதற்கு. பட்டம் வாங்கியது பத்தைப் பதினொன்றாக்கியதற்கு. அவர் வீட்டு நிலைவாசலில்கூட ஒரு சைபர் செதுக்கியிருப்பதாகப் பேச்சு.

"அப்போ ஒண்ணு தெளிவாகுது" என்றார் நிதானமாக. "நோயாளிகள் தவறான கிருமியோட வர்றாங்க."

"சார்!"

"அடுத்த மாசம் அமைச்சர் வர்றார் உலகம்மா. இந்த நிலையம் அந்தத் தட்டுகளைப் பார்க்கலை." சொல்லிவிட்டு, மேசையில் அவள் வைத்திருந்த தட்டுகள் கண்ணில் படாதபடி முகத்தை உண்மையாகவே சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை திருப்பிய முகம் திரும்பவில்லை.

---

இசக்கியப்பனின் கால் போர்வைக்குள் இருந்தது. வாசனை போர்வைக்குள் இல்லை.

"வா உலகு. உங்க கம்பெனி மருந்து ருசி இல்லட்டி. கொஞ்சம் சால்னா ஊத்தித் தரச் சொல்லு." கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது. பேச்சுக்கடை மட்டும் திறந்தே இருந்தது.

"சும்மா கிடங்க. காய்ச்சல்ல நக்கல் வேற" என்றாள் பேச்சி. பிறகு தங்கையை வராந்தாவுக்கு இழுத்தாள். "ஏட்டி, காலை எடுக்கணும்னு சொல்லுதா அந்த டாக்டரம்மா. எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாதாம். உன் மருந்து இருக்குல்லா? நீதான சொன்ன?"

உலகம்மாள் அக்காவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

வார்டு டாக்டர் நசீமா அலுத்துப்போய் வந்தாள். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே பெரிய வயசு. "என்ன செய்யணும்னே தெரியலை மேடம். நம்பர் நல்லாத்தான் இருக்கு. பதினொண்ணு. உடம்புதான் ஏத்துக்க மாட்டேங்குது. இந்த வருஷம் நிறையப் பேருக்கு இப்படித்தான் உடம்பு ஏத்துக்கலை."

"நம்பர் கம்மியா உள்ள மருந்து ஒண்ணு குடுத்தா போடுவியளா? ஆறு சைபர் மாதிரி?"

"கம்ப்யூட்டர்ல பதிவே ஆகாது மேடம். பதினொண்ணு இல்லாம ஊசி போட்டா என் வேலை போயிரும்." அவள் வருத்தமாகச் சிரித்தாள். "அது தண்ணி மாதிரில்லா?"

உலகம்மாள் கட்டிலுக்குத் திரும்பினாள். அத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, மூஞ்சி மாவு தீர்ந்த மாதிரி இருக்கு. அந்த மருந்தை எப்படித்தான் அளப்பிய, அதையாவது சொல்லு. பொழுது போகட்டும்."

"தோசை மாதிரிதான் அத்தான். கிருமியைக் கூழ்ல கலந்து தட்டுல ஊத்திருவோம். அதுலயே மருந்தைத் தண்ணி விட்டு, தண்ணி விட்டு நீர்க்க வச்சு ஒரு சொட்டுக் கலப்போம். மறுநாள் கிருமி வெள்ளையா தோசை கணக்காப் படர்ந்திருக்கும். எங்கல்லாம் ஒரு விழுங்கி விழுந்துச்சோ, அங்க சுத்தி உள்ளதைத் தின்னு ஓட்டை போட்டிருக்கும். ஓட்டையை எண்ணி, எத்தனை மடங்கு தண்ணி விட்டோமோ அதால பெருக்குனா நம்பர்."

"ஓட்டை விழுந்தாத்தான் வெந்த தோசை."

"ஆமா அத்தான்."

"என் தோசையில எத்தனை?"

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினாள். முப்பது வருஷமாகப் பரோட்டாக் கல்லடியில் நின்று ஆள் முகம் பார்த்துப் பரிமாறியவர் அவர். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, அக்காட்ட சொல்லாத" என்றார்.

---

ஒரு கிருமி எங்கே குடியிருக்கிறதோ அங்கேதான் அதைத் தின்பதும் குடியிருக்கும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், வார்டுகளின் கழிவு எல்லாம் வந்து சேரும் சாக்கடை ஓரத்தில், இரண்டு முனைவர் பட்டங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றன.

"எங்க அம்மா என்னைக் கர்த்தரோட ஊழியத்துக்கு நேர்ந்துவிட்டவ மேடம்" என்றான் எபனேசர், கேனை முக்கியபடி. "இந்த ஊழியம்னு அவளுக்குத் தெரியாது."

"ஏ, சிந்தாம எடுடே."

வடிகட்டி, அத்தானின் கிருமியோடு கலந்து ஊற்றினார்கள். மறுநாள் தட்டில் ஏழெட்டு ஓட்டை. பதினொரு சைபர் வளைவுக்குக் கீழே தினமும் நடந்துபோகிற உலகம்மாள், அந்த ஏழெட்டு ஓட்டையைப் பார்த்துக் கண் கலங்கினாள். அந்த ஓட்டையிலிருந்து எடுத்ததை வளர்த்து, கழுவி, நச்சு நீக்கி, மறுபடி அளந்தார்கள். ஆறு சைபர் தேறியது.

"போதுமா மேடம்?"

"வேலை தெரிஞ்சவன் ஒருத்தன் உள்ள போயிட்டா, அங்கேயே ஆள் சேத்துக்கிடுவான். போதும்."

காலி அமுதம்-11 பாட்டில்கள் அலமாரியில் லேபிளோடு அடுக்கியிருந்தன. அவள் ஒன்றை எடுத்துப் புது மருந்தை நிரப்பினாள். பொய் மருந்தில் உண்மையாகக் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, உண்மை மருந்தில் பொய்யாகக் கையெழுத்துப் போடும்போதுதான் பேனாவை மூடி மூடித் திறந்தது.

நசீமா அதை வழக்கமான அமுதம்-11 என்று நினைத்தே ஏற்றினாள். அடுத்த நாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அந்த வாரமே இசக்கியப்பன் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இட்லியை ஆஸ்பத்திரி ஊழியர் முன்னிலையிலேயே திட்டினார். கால் தப்பியது. பேச்சி தங்கையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். உலகம்மாள் சந்தோஷமாக இருந்தது அத்தோடு சரி.

ஏனென்றால் நசீமா கொண்டாட்டமாக அறிக்கை எழுதிவிட்டாள். அமுதம்-11, நான்காவது பாட்டிலில் முழு குணம். ஞானபூஷணம் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அரசாணை பின்னாலேயே வந்தது. இனி எல்லா ஆஸ்பத்திரிக்கும் அமுதம்-11 மட்டும். சில ஊர்களில் சாக்கடைத் தண்ணீரை வைத்துக்கொண்டு, நோயாளிக்கு நோயாளி தனித்தனியாக மருந்து தேடிக்கொண்டிருந்த சின்ன ஆய்வுக்கூடங்களை எல்லாம் மூடிவிடலாம். அங்கே அளவு ஆறு, ஏழு சைபரைத் தாண்டுவதில்லை.

உலகம்மாள் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினாள். சாக்கடை, வடிகட்டி, பாட்டில், கையெழுத்து.

ஞானபூஷணம் பொறுமையாகக் கேட்டார். "அந்த பாட்டில்ல என்ன எழுதியிருந்தது?"

"அமுதம்-11ன்னு. ஆனா சார்..."

"அப்போ குணமாக்கினது அமுதம்-11தானே?"

அவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"நீங்க சொன்னது எதையும் இந்த நிலையம் கேட்கலை உலகம்மா. விழாவுக்கு நல்ல புடவையா கட்டிட்டு வாங்க. உங்க அத்தானும் மேடையில உக்கார்றார். இந்த நிலையமே தன் கையால மருந்தை அளந்து, அமைச்சர் முன்னால ஓட்டையை எண்ணிக் காட்டப் போகுது. அதுவரைக்கும் தட்டை யாரும் திறக்கக் கூடாது. மேடையில திரை விலகுற மாதிரி இருக்கணும்."

அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். செல்லத்தின் குப்பிகள் வரிசையாகத் தூங்கின. எபனேசர் கதவருகே நின்று பார்த்தான். ஒரு குப்பியின் லேபிள் கழன்று இன்னொரு குப்பிக்கு மாறியதையும் பார்த்தான்.

"மேடம், நான் இதைப் பாக்கலை" என்றான். "இந்த நிலையத்துல அதுதான வழக்கம்."

---

பந்தலில் மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிப்பதாகச் சுற்றறிக்கை. மேடையில் அமைச்சர், அவருக்கு ஒரு பக்கம் ஞானபூஷணம், மறுபக்கம் புது வேட்டியில், கட்டுப்போட்ட காலை நீட்டியபடி இசக்கியப்பன். முந்தின நாள் இயக்குநர் தன் கையாலேயே ஊற்றி, ஒட்டுநாடா சுற்றி முத்திரை வைத்த தட்டு, வெல்வெட் துணி மூடி வெள்ளித் தாம்பாளத்தில் இருந்தது. அதற்கு மேலே காமிரா. பின்னால் பெரிய திரை.

ஞானபூஷணம் பேசினார். நெடுநேரம் பேசினார். மனித குலம் இரண்டு முறை காப்பாற்றப்பட்டது. பிறகு அவர் துணியை விலக்கினார்.

திரை முழுக்க வெள்ளை.

"காமிராவை ஆன் பண்ணுப்பா" என்றார் அமைச்சர்.

"ஆன்லதான் இருக்குங்க ஐயா."

ஞானபூஷணம் தட்டைக் கையில் எடுத்தார். கவிழ்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். திரையில் அவர் விரல்கள் பூதாகாரமாகத் தெரிந்தன. உலகம்மாளுக்கு அந்தக் காட்சி தெரிந்த காட்சி.

அமைச்சர் குனிந்தார். "ஓட்டை எங்கய்யா?"

இசக்கியப்பன் எட்டிப் பார்த்தார். "இது வேகாத தோசைல்லா" என்றார். அவர் சட்டையில் குத்தியிருந்த மைக் அதைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோனது. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

"யாரோ... இது செல்லம் இல்லை" என்றார் ஞானபூஷணம். "இது என்ன கிருமி? உலகம்மா, இது எந்தக் கிருமி?"

உலகம்மாள் நல்ல புடவைதான் கட்டியிருந்தாள். எழுந்து மேடையோரம் வந்தாள்.

"பக்கத்துல உக்காந்திருக்காவள்லா சார், எங்க அத்தான். அவுக கால்ல இருந்ததுதான். நீங்க ஊத்துனது நிஜமான அமுதம்-11. சந்தேகமே வேண்டாம், உங்க கையாலயே ஊத்துனிய. எண்ணிச் சொல்லுங்க."

அமைச்சர் தன் நாற்காலியை இசக்கியப்பனிடமிருந்து ஒரு சாண் நகர்த்திக்கொண்டார்.

"அப்போ இவர் எப்படிப் பிழைச்சார்?" ஞானபூஷணம் கத்தினார். அது ஏற்கெனவே காது கொடுத்துக் கேட்ட கதைதான் என்பது அவருக்கே அப்போது மறந்துபோயிருந்தது.

"ஆஸ்பத்திரிச் சாக்கடையில இருந்து எடுத்த விழுங்கி சார். ஆறு சைபர். பாட்டில் மட்டுந்தான் உங்களுது. கையெழுத்து என்னுது, பொய்க் கையெழுத்து. அதுக்கு என்ன தண்டனையோ வாங்கிக்கிடுதேன். ஆனா இந்த மருந்தை இனி யாருக்கும் ஏத்தாதிய."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மூன்றாம் வரிசையில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது. நசீமா. முகத்தில் ரத்தமில்லை. உலகம்மாளைப் பார்க்கவில்லை, இயக்குநரைப் பார்க்கவில்லை, திரையில் நின்ற வெள்ளையையே பார்த்தாள்.

"உடம்பு ஏத்துக்கலைன்னு சொன்னேன்" என்றாள். மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்டது. "எல்லார் வீட்டு ஆளுங்ககிட்டயும் நான் அதான் சொன்னேன். மருந்து நல்ல மருந்து, உங்க ஆளு உடம்புதான் ஏத்துக்கலைன்னு."

அவளைத் தொடர்ந்து தூத்துக்குடிக்காரர் ஒருவர் எழுந்தார். பிறகு தென்காசியிலிருந்து வந்த அம்மாள். ஒவ்வொருவராக எழுந்து, திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

ஞானபூஷணம் மட்டும் தட்டை முகத்தருகே வைத்துக்கொண்டு, விரலால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.